‘கட்’ என்றால் வெட்டு என்று சொல்லிக்கொடுத்தவன்

வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு: ஞாயிற்றுக்கிழமை நாம் அரைகுறையாகச் சொன்னது, திங்கட்கிழமை அவர்கள் வேலையில் போய் வெடிக்கும். பதுளை டவுனில் வகுப்பு நடத்துகிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் இதை வாசித்தால் சிரிக்க மாட்டார்கள்.

கரட்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துச் செல்வராணிக்கு, வெள்ளைக்காரப் பயணிகள் வரும் எல்ல என்ற ஊரில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை கிடைத்தது. கட், சொப், ஸ்லைஸ் மூன்றுக்கும் ‘வெட்டு’ என்றே எழுதிக்கொடுத்திருந்தேன். முதல் நாளே சமையற்காரர் கரட்டை ஸ்லைஸ் பண்ணச் சொல்லியிருக்கிறார். மெல்லிய வட்டங்களாக வேண்டியதை இவர் பொடிப்பொடியாகக் கொத்தி, சட்டி நிறைய வைத்துவிட்டார். எல்லார் முன்னாலும் ஏச்சு. அடுத்த வகுப்பில் கொப்பியை விரித்து என் முன்னால் வைத்தார்.

“வீட்டுல நாங்க அரிவோம், நறுக்குவோம், சீவுவோம், கொத்துவோம். இங்கிலீசுல மட்டும் எல்லாம் ஒண்ணுன்னு நீங்கதானே சேர் எழுதிக் குடுத்தீங்க?”

ஹல்துமுல்லை

நஸார் பண்டாரவளையில் வேன் ஓட்டுபவர். ஹல்துமுல்லையில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை ஏற்றிவரப் புறப்பட்டார். பாதி வழியில் அந்தப் பெண் போனில், “யூ ஆர் கட்டிங் அவுட்” என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறார். ‘கட் அவுட்’ என்றால் வெட்டி எடுப்பது என்று நான் சொன்னது நஸாருக்கு நல்ல ஞாபகம். தன்னை நீக்கிவிட்டார்கள் என்று நினைத்து வேனைத் திருப்பிவிட்டார். அந்தப் பெண் பனிமூட்டத்தில் இரண்டு மணி நேரம் நின்றாராம்.

“என்னைய வெட்டிட்டாங்கன்னு ரோசத்துல வந்துட்டேன் சேர், கடைசியில வெட்டுப்பட்டது சிக்னலாம்.”

கவ்வாத்து

யோகராஜா ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பொதி கட்டுபவர். அங்கே ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள்: பொதி கட்டும் பகுதியில் ஆட்கள் ‘ப்ரூன்’ செய்யப்படுவார்கள், ஆட்சேபம் இருந்தால் ஒரு கிழமைக்குள் சொல்லலாம். ப்ரூன் என்றால் கவ்வாத்து, தேயிலைச் செடியைத் தறிப்பது என்று நான்தான் சொல்லியிருந்தேன். தங்களைக் கவ்வாத்து வேலைக்கு மாற்றுகிறார்கள் என்று யோகராஜா தன்னோடு வேலை செய்த ஆறு பேருக்கும் விளக்கிவிட்டார். இரண்டு பேர் கத்திகூடத் தீட்டி வைத்தார்களாம்.

அந்த அறிவித்தலைப் போனில் எடுத்த படத்தை எனக்குக் காட்டியபோது, சொன்ன ஏழு நாளும் முடிந்திருந்தது. இங்கே அது ஆட்குறைப்பு என்று சொன்னேன். மறுநாள் ஏழு பேரும் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்ப் பேசினார்கள். நாலு பேருக்குத் தேயிலை மலையில் வேலை கொடுத்தார்கள். மூன்று பேரை நிறுத்திவிட்டார்கள். யோகராஜா அந்த மூவரில் ஒருவர். என்மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றே ஒன்று கேட்டார்.

“கவ்வாத்து வெட்டுனா தேயில திரும்பத் துளிர்க்கும் சேர், எங்கள நிறுத்துறதுக்குப் போய் அந்தச் சொல்ல எடுத்தது யாரு?”

இப்போது ‘வெட்டு’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்கிறேன். பாடம் நகரவே இல்லை என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.