ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது

விஜயராணிக்குக் கறை என்றால் ஆகாது. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் நின்று நின்றே கால் நரம்பு சுருண்டவள். வெள்ளைத் துணியில் எறும்புத் தலை அளவுக்கு எண்ணெய்ப் புள்ளி இருந்தாலும் பீஸைத் தூக்கி அந்தப் பக்கம் வீசிவிடுவாள். சூப்பர்வைசரே அவளிடம் வாய் கொடுக்க யோசிப்பார்.

அவள் தலையில்தான் இடி விழுந்தது. இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் கணவன் ஜெயபாண்டிக்கு வாதம் வந்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் போயிற்று. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாள் முதல் பாட்டுக் கட்டிப் பாடிக் கைதட்டு வாங்கிய மனிதன், தண்ணீர் கேட்கக்கூட வாய் வராமல் கிடந்தான். என்ன கொடுமை இது! ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா, "அவருக்குப் புடிச்சதை எழுத்துக் கூட்டி வாசிக்க வையுங்க. இப்ப உட்டுட்டா நாக்கு அப்படியே படிஞ்சு போயிருமுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

பிடித்தது என்றால் அவனுக்கு ஒன்றுதான். கல்யாணமான புதிதில் அவன் கட்டிய பாட்டுகளைச் சேக்காளிகள் சேர்ந்து அச்சடித்துக் கொடுத்த சின்னப் புத்தகம். டிரங்குப் பெட்டியில் கிடந்து தாளும் எழுத்தும் ஒரே மஞ்சளாகிவிட்டிருந்தன. பாவம், அவன் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு நஜீமுதீனின் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள். அப்போதுதான் அவன் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கிப் போட்டிருந்தான். ஸ்கேன் செய்து மஞ்சளைப் போக்கினான். தாள் வெளுத்தது, ஆனால் தூசியும் பூச்சி அரித்த பொட்டும் மிளகுப்பொடி தூவியதுபோல் நின்றன.

"இது என்ன தம்பி, பொட்டுப் பொட்டா? எங்க கம்பெனின்னா ரிஜெக்ட்."

"பழைய தாளுங்க்கா. கொஞ்சம் இருக்கத்தானுங்க செய்யும்."

"அதெல்லாம் ஆகாது. ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது!"

"செரிங்க்கா. நீங்க சொன்னாச் செரி."

கம்ப்யூட்டரில் பொடிப் புள்ளிகளை அழிக்கிற வசதியின் அளவை அவன் கடைசிவரை ஏற்றிவிட்டான். பளிச்சென்று வந்த தாள்களைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஊருக்கெல்லாம் செக்கிங் பார்க்கிற மகராசி, தன் பீஸை மட்டும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவனைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்தாள். "வாசிங்க. இது எனக்குன்னு கட்டுன பாட்டுல்ல?"

ஜெயபாண்டி இடது கை விரலை எழுத்தின்கீழ் வைத்தான். தாடை நடுங்கியது. 'ஆ' என்பதைத் தவிர எதுவும் வராதிருந்த வாயிலிருந்து எழுத்து வந்தது!

"வி... டி... யு... ம... மு... ன... னே..."

விஜயராணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவன் விடாமல் போனான். "வி... ழி... த... த... பெ... ண... ணே."

அவளுக்குத் திக்கென்றது. "பெண்ணேங்க! பெண்ணே!"

அவன் தாளை உற்றுப் பார்த்தான். விரலால் எழுத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான். "பெ... ண... ணே."

மூளையும் போய்விட்டதா! பயம் ஒரு நொடியில் கோபமாகிவிட்டது அவளுக்கு. "நீங்க கட்டுன பாட்டுங்க! இதுகூடவா மறந்துபோச்சு? கிறுக்கன் மாதிரி உளறாதீங்க!" தாளைப் பிடுங்கி எறிந்தாள். போட்ட சத்தம் அந்த லைன் வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கும். ஜெயபாண்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அழுது ஓய்ந்து தாளைப் பொறுக்கியபோதுதான் பார்த்தாள். முனனே. விழிதத. பெணணே. மெய்யெழுத்தின் தலையில் ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. தூசியோடு தூசியாக எல்லாம் போயிருந்தன. பழகிய பாட்டு என்பதால் அவள் கண் தானாகப் புள்ளி வைத்துக்கொண்டு ஓடிவிட்டது. ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கியவன் உள்ளதை உள்ளபடி வாசித்திருக்கிறான். அவன் வாசிப்பில் ஒரு தப்புமில்லை.

"அய்யோ, நான் நாசமாப் போக!" தலையில் அடித்துக்கொண்டாள். பழைய புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து, பேனாவால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தாள். கண்ணீர் விழுந்து மை கலங்கிய இடத்தில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பிறகு அவன் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நீங்க வாசிச்சது சரிதான். நான்தான் பாவி, எல்லாத்தையும் அழிச்சிட்டு வந்தேன். இப்ப வச்சிட்டேன், பாருங்க. ஒரே ஒரு எழுத்து. உங்க கால்ல விழுதேன், ஒரே ஒரு எழுத்து வாசிங்க."

அவன் திரும்பினான். அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, விரலை எழுத்து எழுத்தாக வரி முடியும்வரை நகர்த்தினான்; அடுத்த வரிக்கும் போனான். வாயை மட்டும் திறக்கவில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை, அதற்குப் பிறகும் திறக்கவில்லை.