வெள்ளை மணலும் ஒரு கையெழுத்தும்

தாதுக்கல் ஆலையில் அவளுக்கு நுரைக்காரி என்றே பெயர். கல்லைப் பொடியாக்கித் தொட்டித் தண்ணீரில் கரைத்து, மருந்து விட்டுக் காற்றை ஊதினால், செம்பு நுரையில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். வேண்டாத வெள்ளை மணல் அடியில் தங்கும். தங்க வேண்டும். தங்குகிறதா என்று பார்ப்பதுதான் பத்தொன்பது வருடமாக அவள் பிழைப்பு. நுரையை இரண்டு விரலில் தேய்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

புதிதாக வந்த எஞ்சினியருக்கு எதிலும் அவசரம். நுரை திரளும்வரை காத்திருக்காதே, வந்த வேகத்தில் வழித்துத் தள்ளு என்று உத்தரவு போட்டார். மணலும் கூடவே வருகிறது என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். யார் கேட்டார்கள்? மணல் அதிகம் என்று உருக்காலை ஒரு லோடு சரக்கைத் திருப்பி அனுப்பியதும் பழி அவள் தலையில் விழுந்தது. தவறு தன்னுடையதுதான் என்று மேனேஜர் கொடுத்த கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வேலை போகும்.

"ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்" என்றான் கணவன்.

அவள் கரண்டியை ணங்கென்று வைத்தாள். "செய்யாத தப்புக்கு எதுக்குங்க போடணும்?"



மறுநாள் காலை, பழைய குழாய் ஒன்றில் வரிசையாக ஓட்டை போட்டு ஆறாம் தொட்டிக்கு மேல் கட்டினாள். நுரையை ஒரு சாண் உயரத்துக்குத் திரளவிட்டு, மேலிருந்து தண்ணீரைத் தூறலாக விட்டாள். குமிழிகளுக்கு நடுவே தொற்றிக்கொண்டு வரும் மணலைத் தண்ணீர் கீழே இறக்கிவிடும், செம்பு குமிழியை விடாது. இதுதான் அவள் கணக்கு. நுரையைக் குளிப்பாட்டுகிறாளாம் என்று சிரித்தார்கள். நுரை செத்துவிடும் என்று எஞ்சினியர் குதித்தார். நுரை சாகவில்லை.

மேனேஜர் கடிதத்தோடு வந்து நின்றார். அவள் ஐந்தாம் தொட்டி நுரையையும் ஆறாம் தொட்டி நுரையையும் இரண்டு தட்டுகளில் அள்ளி, அலசிக் காட்டினாள். ஐந்தாம் தொட்டித் தட்டில் விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு. மற்றதில் மணலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவர் நம்பாமல் லேபுக்கு அனுப்பினார். மதியம் சீட்டு வந்தது: ஆறாம் தொட்டி நுரையில் மணல் ஐந்தாவதில் இருப்பதில் பாதிகூட இல்லை. மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு கடிதத்தைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க சார், இப்படிக் குடுங்க."

தாளைத் திருப்பி வைத்து, எந்தத் தொட்டியில் நுரை எவ்வளவு உயரம் நிற்க வேண்டும், தண்ணீர்க் குழாயை எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும் என்று நிதானமாக எழுதினாள். எஞ்சினியர் பார்க்கும் உயரத்தில் சுவரில் ஒட்டினாள். பிறகு எழுதியதன் அடியில் பேனாவை வைத்தாள்.

"இப்பப் போடுறேன் சார் கையெழுத்து."