எதிர் வீட்டு மீட்டர்

எதிர் வீட்டுக்காரர் இறந்த அன்றே அவர் வீட்டு மின்சாரமும் துண்டிக்கப்பட்டது. விடியற்காலையில் அவர் போனார், மத்தியானம் மின்சாரம் போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததை நினைத்தால் இன்றும் சாப்பாடு இறங்குவதில்லை.

எங்கள் குடியிருப்பு பெங்களூர் ஜீவனஹள்ளியில் இருக்கிறது. அறுபத்து நான்கு வீடுகள், இரண்டு லிஃப்ட். அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். நான் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையின் பண்டகசாலையில் முப்பத்து நான்கு வருடம் சாமான்களை எண்ணி ஓய்வு பெற்றவன். இப்போது எண்ணுவதற்குச் சாமான்கள் இல்லாததால் மாடிப்படியில் எரியாத விளக்குகளை எண்ணுகிறேன். என் மனைவி இதை வியாதி என்கிறாள். இருக்கலாம். எரியாத விளக்குகள் ஏழு.

சக்கரம் சுற்றும் பழைய மீட்டர் இருந்தவரை, மின்சாரத்தைப் பயன்படுத்திய பிறகு பில் வந்தது. பிறகு ஸ்மார்ட் மீட்டர் வைத்தார்கள். மொபைல் போனுக்குப் போடுவது போல முதலிலேயே பணம் போட்டு வைக்க வேண்டும். தீர்ந்தால் தானாக அணைந்துவிடும். யாரும் வந்து பியூஸைப் பிடுங்க வேண்டியதில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இது போதாதென்று, கட்டடப் பராமரிப்புத் தொகையையும் மாதம் முதல் தேதி அதே மீட்டர் பிடித்துக்கொள்ளும். லிஃப்டுக்கும் காவலாளிக்கும் பணம் தராதவன் இருட்டில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த மீட்டர் வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து பேசியவர் எதிர் வீட்டுக்காரர்தான். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, ரயிலில் பெங்களூருக்கு வந்து வந்து வேலை பார்த்து, கடைசியில் இங்கேயே வீடு வாங்கியவர். குரல் பெரிது.

"பாக்கி வைக்கறவன்தான் பயப்படணும். ஒழுங்கா இருக்கறவனுக்கு என்ன பயம்?" என்றார். காசாகப் பணம் வாங்கவே கூடாது, எல்லாம் செயலி வழியாகத்தான் கட்ட வேண்டும் என்ற தீர்மானமும் அவர் கொண்டுவந்ததுதான்.

வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது இருக்கும்போது பணம் தீர்ந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். சங்கத்தின் செயலாளர் ஈரோட்டுப் பக்கத்து இளைஞர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவர் சிரித்தார். "மெசேஜ் வருமுங்க அங்கிள். ஒண்ணு இல்ல, மூணு மெசேஜ் வரும்."

நாற்பத்தொரு கைகள் ஆதரவாக உயர்ந்தன. எதிராக ஒன்பது. மீதிப் பேர் கூட்டத்துக்கே வரவில்லை. அன்றிலிருந்து எதிர் வீட்டுக்காரரும் நானும் லிஃப்டில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வதோடு சரி.

அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் மனைவி வந்து எங்கள் கதவைத் தட்டியபோது அழவில்லை. "அண்ணா, கொஞ்சம் வந்து பாருங்க. எழுந்திரிக்க மாட்டேங்கறாரு" என்றார். நான் போய்ப் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்தது.

ஒரே மகள், கனடாவில் இருக்கிறாள். செய்தி கேட்டதும் கிளம்பிவிட்டாள். மறுநாள் காலைதான் வந்து சேர முடியும். மகள் முகம் பார்த்த பிறகே அடக்கம் என்று முடிவாயிற்று. அதுவரை உடலை வைக்க ஃப்ரீசர் பெட்டி வந்தது. கூடத்தில் இருந்த சோபாவை வெளியே எடுத்துவிட்டு அதை வைத்தார்கள். கொண்டுவந்த ஆள் பிளக்கைச் சொருகி, அது உறுமத் தொடங்கியதும், அங்கிருந்தவர்களில் மூத்தவன் என்று என்னைப் பார்த்துச் சொன்னான்.

"சார், மூடியை மட்டும் தொறக்க விடாதீங்க. கரண்ட் போனா ரெண்டு மணி நேரம் தாங்கும். மேல போச்சுன்னா நம்ம கையில இல்ல. ஸ்வல்ப பாத்துக்குங்க."

அது வெயில் காலம். கூடத்தில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். ஒரு மணி வாக்கில் உறுமல் நின்றது. மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றி ஓய்ந்தன. ஊர் முழுக்கப் போயிருக்கிறது என்று நினைத்து வெளியே வந்தேன். நடைவழி விளக்கு, பட்டப்பகலில், எரிந்துகொண்டிருந்தது. என் வீட்டு டிவி பாடிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் மட்டும்தான் இல்லை.

செயலாளரை வரவழைத்தோம். மடியில் கணினியை விரித்துப் பார்த்தார்.

"இன்னிக்கு ஒண்ணாம் தேதி இல்லீங்களா அங்கிள். மெயின்டனன்ஸ் பன்னெண்டு மணிக்கு டெபிட் ஆயிருக்கு. மிச்சம் இருந்தது ஒரு மணி நேரத்துல தீர்ந்துடுச்சு. கட் ஆயிடுச்சு."

"எவ்வளவு போடணும்? நான் போடறேன்."

"உங்க ஆப்ல உங்க வீடு மட்டும்தான் வருமுங்க."

"காசா வாங்கிக்குங்க."

"காசு வாங்கக் கூடாதுன்னு தீர்மானம்" என்றவர் பெட்டியைப் பார்த்து, "சார் கொண்டுவந்ததுதான்" என்று குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க செயலாளர். நீங்களே திறந்து விட முடியாதா?"

"எனக்குப் பாக்கற பவர் மட்டும்தான் அங்கிள். கம்பெனிக்கு கம்ப்ளெய்ன்ட் போட்டுட்டேன். ரெண்டு வேலை நாள் ஆகும்னு வந்திருக்கு."

"வேற ஆள் பேருக்கு மாத்திக் குடுங்க."

"மாத்தலாம். டெத் சர்டிபிகேட் வேணும்."

அந்தம்மா பெட்டியின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழும்படியாகத்தான் செயலாளர் இதைச் சொன்னார். நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என் வீட்லேருந்து ஒரு வயர் இழுத்துடலாம்" என்றேன்.

"காரிடார்ல வயர் போகக் கூடாதுங்க, ஃபயர் சேஃப்டி. அதுவும் இல்லாம ஒரு வீட்டு கரண்டை இன்னொரு வீட்டுக்குக் குடுக்கறது வயலேஷன்." பிறகு அவருக்கு யோசனை வந்தது. "சாரோட போன் எங்க? ரெஜிஸ்டர் ஆன போன்ல ஆப் இருக்குமே. அதுலேருந்து ஒரு நிமிஷத்துல போட்டுடலாம்."

போன் குளிர்பெட்டி மேல் இருந்தது. பூட்டியிருந்தது. திறக்கும் வழி அந்தம்மாவுக்குத் தெரியவில்லை. "விரல் வச்சுத்தான் தொறப்பாரு" என்றார்.

எல்லோருடைய பார்வையும் பெட்டிக்குப் போயிற்று. பிறகு செயலாளர், ஏதோ பேனா கேட்பவரைப் போல, "விரல் இருக்கில்லீங்க" என்றார்.

அந்தம்மாவின் தம்பி ஊருக்குள்ளேயே மர்பி டவுனிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர், காலையிலிருந்து அவர்தான் எல்லாவற்றுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா சொன்னதை நான் மறக்கப் போவதில்லை. "பாரு. ஆனா உயிரோட இருக்கறப்பவே நாலு தடவை அழுத்தினாத்தான் தொறக்கும்."

மூடியைத் தூக்கினார்கள். உள்ளிருந்த குளிர் புகை போல வழிந்து தரையில் பரவியது. வலது கையில் செபமாலை சுற்றியிருந்தது. தம்பி அதைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். கட்டைவிரலை நிமிர்த்தப் பார்த்தார், அது நிமிரவில்லை. போனைச் சாய்த்து விரலுக்குக் கொண்டுபோனார். போன் ஒருமுறை அதிர்ந்தது. திறக்கவில்லை.

"ஈரமா இருக்குங்க. துடைச்சுட்டு வைங்க" என்றார் செயலாளர். அவர் வாசல்படிக்கு அந்தப் பக்கம், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

தம்பி தன் சட்டையால் அந்த விரலைத் துடைத்தார். வைத்தார். திறக்கவில்லை. சூடு இல்லாததால்தான் எடுக்கவில்லை என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். தம்பி அந்த விரலை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். வாயருகே கொண்டுபோய் ஊதினார். கண்ணில் நீர் வழிய வழிய ஊதினார். "மாமா, மாமா" என்று அவர் முனகியது எனக்கு மட்டும் கேட்டது.

ஐந்தாவது முறையும் ஆனபிறகு, முப்பது விநாடி காத்திருக்கும்படி அந்தப் போன் எழுதிக் காட்டியது. அவர்கள் காத்திருந்தார்கள். படித்தவர்கள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள், வரி கட்டுகிறவர்கள், திறந்த பெட்டியைச் சுற்றி நின்று ஒரு பிணத்தின் விரலைப் பிடித்துக்கொண்டு முப்பது விநாடி காத்திருந்தார்கள். நானும் நின்றேன். என் கெட்ட பழக்கம், மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டு வரும்போது எண்ணுவதை நிறுத்தினேன்.

"மூடியை மூடுங்க" என்றேன். குரல் சற்றுப் பெரிதாகவே வந்துவிட்டது. "செபமாலையை அவர் கையில சுத்துங்க. நான் வயர் கொண்டுவரேன்."

வீட்டில் இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தன. ஒன்றோடொன்றை இணைத்தால் எட்டும். எங்கள் வீட்டு மீட்டருக்கும் ஒரு வரம்பு உண்டு, அளவு மீறி இழுத்தால் அதுவும் அணைந்துவிடும். மனைவியிடம் சொன்னேன்.

"கெய்சர் போடாதே. ஃப்ரிட்ஜையும் அணைச்சுடு."

"ரெண்டு லிட்டர் பால் இருக்கு. கெட்டுப் போயிடும்."

"போகட்டும்."

அவள் ஃப்ரிட்ஜின் ஸ்விட்சை அணைத்தாள். "பால் முக்கியமா பொணம் முக்கியமான்னு வீட்டுக்குள்ள யோசிக்க வச்சுட்டாங்க பாருங்க" என்றாள்.

வயரை நடைவழியில் இழுக்கும்போது செயலாளர் கூடவே நடந்தார். "அங்கிள், நான் சொல்லலைன்னு வேண்டாம். ஃபைன் வரும். மீட்டர்லேயே புடிச்சுக்கும்."

"பிடிச்சுக்கட்டும். மெசேஜ் வந்தா நான் உயிரோட இருந்து பாத்துக்கறேன்."

பிளக்கைச் சொருகியதும் பெட்டி மறுபடி உறுமியது. மூடியின் உள்பக்கம் நீர்த்துளிகள் படிந்து முகம் தெரியாமல் இருந்தது. அந்தம்மா எழுந்து கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துளிகள் உள்ளேதான் இருந்தன. அது தெரிந்தும் துடைத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலத்துக்குள் கண்ணாடி தெளிந்தது. மூக்கும் நெற்றியும் அப்படியேதான் இருந்தன. நான் நான்கைந்து முறை குனிந்து பார்த்துவிட்டேன். கடைசி முறை அந்தம்மா, "போதும்ணா, கண்ணு படப் போவுது" என்றார். அவரே லேசாகச் சிரித்தும்விட்டார்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது, திடீரென்று அந்த வீட்டு மின்விசிறிகள் எல்லாம் ஒன்றாகச் சுற்றத் தொடங்கின. தலைமாட்டில் எரிந்த மெழுகுவத்திகள் அணைந்தன. யாருக்கும் எதுவும் புரியவில்லை. சற்று நேரத்தில் மகள் வந்தாள். கையில் ஒரு பெட்டி, காலில் பனிக்கால பூட்ஸ்.

அவளுக்காக மூடியைத் திறந்தார்கள். அப்பாவின் முகம் கெடாமல் இருந்தது. அவள் குனிந்து நெற்றியில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். அதைப் பார்த்தபோது, அவர் போனதிலிருந்து முதல்முறையாக, அந்தம்மா வாய்விட்டு அழுதார்.

பிறகு நிமிர்ந்தவள் மின்விசிறியைப் பார்த்தாள். "கரண்ட் வந்துடுச்சா அங்கிள்? லேண்ட் ஆனதும் மெசேஜா கொட்டுச்சு. டாக்ஸியிலேயே பணம் போட்டுட்டேன்."

"உனக்கா மெசேஜ் வரும்?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான். அப்பாவுக்கு அதெல்லாம் வராது. மீட்டர் வச்ச நாள்லேருந்து நான்தான் அங்கேருந்து போடறேன். என் நம்பர்தான் குடுத்திருக்கு. அவரு போன்ல அந்த ஆப்பே கிடையாது."

தம்பி தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவர் அக்கா அவரைப் பார்க்கவில்லை. விரல் விஷயத்தை மகளிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. செத்துக் கிடப்பவர் மேல் ஆத்திரப்படுவது அசிங்கம். ஆனாலும் பட்டேன். ஒழுங்காக இருப்பவனுக்கு என்ன பயம் என்று கேட்டவர், அந்த மீட்டருக்கு ஒரு தடவைகூடத் தன் கையால் பணம் போட்டதில்லை. அவர் செய்யாத வேலைக்காக அவர் விரலைப் பிடித்து அவ்வளவு நேரம் இழுத்திருக்கிறார்கள். மூன்று மெசேஜும் தவறாமல் வந்திருக்கின்றன, ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு.

மின்சாரம்தான் வந்துவிட்டதே என்று என் வயரைக் கழற்றக் குனிந்தேன். அந்தம்மா என் கையைப் பிடித்தார்.

"எடுக்காதீங்கண்ணா. அது மறுபடி எப்ப புடுங்கிக்கும்னு யாருக்குத் தெரியும்? இவரை எடுக்கற வரைக்கும் உங்க கரண்ட்லேயே இருக்கட்டும்."

அப்படியே விட்டேன். ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். யாராவது கால் இடறி வயர் கழன்றுவிடக்கூடாது என்று நடைவழியில், வயர் வாசலைக் கடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "பாத்து, பாத்து" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குச் செயலாளர் சங்கத்தின் சார்பில் மலர்வளையம் கொண்டுவந்தார். நல்ல பெரிய வளையம், வெள்ளைச் சாமந்தி. வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவரிடம் மட்டும் நான் "பாத்து" என்று சொல்லவில்லை. வளையத்தை இரண்டு கைகளாலும் மார்புக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக உயர்த்தி வைத்து, அந்த வயரைத் தாண்டி உள்ளே போனார்.