சந்தையில் வாசித்த பசுக் கட்டுரை

தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிப்பது, பிள்ளைகளுக்குத் தெரிந்ததையே அவர்கள் வாயால் சொல்ல வைக்கிற வேலை. அது எளிது என்பவர்கள் கட்டுரை நோட்டுத் திருத்தாதவர்கள். சிவப்பு மையில் விரல் நனைத்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளில், கிருஷ்ணகிரி சேலம் ஜில்லாவில் இருந்தபோது, குந்தாரப்பள்ளிப் பக்கத்துப் பள்ளியொன்றில் ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது.

முப்பது நோட்டில் ஒரே பசு

'பசு' என்று கட்டுரை கொடுத்தேன். முப்பது நோட்டிலும் ஒரே பசு வந்தது: நான்கு கால், இரண்டு கொம்பு, சாதுவான பிராணி. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள், புத்தகத்துத் தமிழை அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள். அனைத்தையும் குறுக்கே அடித்து, அவரவர் கண்ணால் கண்ட மாட்டை எழுதி வரச் சொன்னேன். தலைமையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் என்ன மாடு புடிக்கவா வராரு? புஸ்தகத்து மாடே போதும், டீச்சரம்மா."

பத்து முறை

மறுநாள் சென்னம்மா என்ற பெண் தன் வீட்டுப் பசுவை எழுதி வந்தாள். நான்கு கன்று ஈன்றுவிட்டது, பல் தேய்ந்துவிட்டது, கறக்கும்போது இடது பின்னங்காலால் உதைக்கும், புது ஆளைக் கண்டால் பாலை அடக்கிக்கொள்ளும். வகுப்பில் அது ஒன்றுதான் கட்டுரை.

திருத்திய கட்டுரையை நின்றபடி உரக்கப் பத்து முறை படிக்க வேண்டும் என்பது என் விதி. நாளை அப்பாவோடு சந்தைக்குப் போக வேண்டும் என்றாள். சந்தைக்கும் வாய் கூடவேதான் வரும், அங்கே படி என்றேன். எதற்காகப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள்தான் யோசித்துக் கேட்டாள்:

"மாட்டுப் பக்கத்துல நின்னு படிக்கலாங்களா, டீச்சர்?"

கைவிட்ட கயிறு

அவர்கள் விற்க ஓட்டிப்போனது அந்தப் பசுவையே. கல்லாவியிலிருந்து வந்த குடியானவர் ஒருவர், பேரம் முடிந்து கயிற்றைக் கையில் வாங்கும் நேரத்தில், சென்னம்மா மூன்றாம் முறை படித்துக்கொண்டிருந்தாளாம். அவர் கயிற்றை விட்டுவிட்டார்.

அடுத்த நாள் அவள் தகப்பனார் திம்மப்பா வந்து, பாதி தெலுங்கில் கொட்டித் தீர்த்தார். இனிப் பெண்ணை அனுப்பப் போவதில்லை என்றார். பரீட்சைக்கு ஒரு மாதமே இருந்தது. அப்படி நின்ற பெண்கள் எவரும் என் வகுப்புக்குத் திரும்பியதில்லை. இருந்தும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கட்டுரையில் பொய் ஏதேனும் உண்டா என்று மட்டும் கேட்டேன்.

"பொய்யி இல்லீங்க. அதுதானுங்களே வம்பு."

உதையும் சரிதான்

ஒரு வாரம் சென்னம்மாவின் இடம் காலியாக இருந்தது. பதிவேட்டில் அவள் பெயரை நான் அடிக்கவில்லை, தினமும் கூப்பிட்டேன்.

அடுத்த சந்தையன்று கல்லாவிக்காரர் திம்மப்பாவைத் தேடி வந்தார். சந்தை முழுக்க விற்பவர்கள் எல்லாரும் தங்கள் மாட்டில் குறையே இல்லை என்றதில் அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டதாம். பெண்ணையும் நோட்டையும் வரவழைத்து, வரி வரியாகப் படிக்கச் சொல்லி, பல்லைப் பார்த்து, மடியைத் தொட்டு, சொன்ன காலாலேயே ஓர் உதையும் வாங்கிக்கொண்டு, திருப்தியாகப் பசுவை ஓட்டிப்போனார். மறுநாள் திம்மப்பாவே பெண்ணைக் கொண்டுவந்து விட்டார். போகாமல் வாசலில் நின்றார்.

"காளைக்கும் ஒண்ணு எழுதணுங்க, டீச்சரம்மா. அது முட்டறத மட்டும் உட்டுடலாங்களா?"

சென்னம்மா ஐந்தாவது தேறினாள். என் பணிக்காலத்தில் இன்ஸ்பெக்டர்கள் ஒப்பமிட்டுப் போன கட்டுரைகள் ஏராளம், பல்லைப் பிடித்துச் சரிபார்க்கப்பட்டது அது ஒன்றுதான்.