மழை வந்தால் அணையும் கம்ப்யூட்டர்

என் அப்பா லாரி டிரைவர். வாணியம்பாடியில் தோல் ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்குப் போவார். சர்க்கரையால் இடது கால் மரத்து, கிளட்சை மிதித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாமல் போனபோது, அவராகவே சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். கொஞ்ச நாள் கழித்து என் கேமிங் கம்ப்யூட்டரில் லாரி ஓட்ட ஆரம்பித்தார். மேஜையில் ஒரு ஸ்டியரிங் வீல் பொருத்திக் கொடுத்தேன். அந்த லாரியில் கியர் தானாக மாறும். வலது கால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்திலிருந்து கத்தினார்.

"இன்னாம்மா இது, வண்டி நின்னுபோச்சு!"

திரை மட்டுமல்ல, கேபினெட்டின் விளக்கு, விசிறி எல்லாமே ஒரே நொடியில் அணைந்திருந்தன. வீட்டில் கரண்ட் இருந்தது. பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்துப் போட்டதும் எதுவுமே நடக்காததுபோல் கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ஷூவின் அடிப்பாகத்தை மெஷினில் மாட்டி, விரிசல் விடும்வரை மடக்கி மடக்கிப் பார்ப்போம். அதனாலோ என்னவோ, ஒரு பொருள் மக்கர் செய்தால் எனக்குக் கோபத்துக்கு முன்னால் எப்போது, எப்படி என்ற கேள்விதான் வரும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ரோட்டில் என்ன இருந்தது என்று குறித்து வைக்கும்படி அப்பாவிடம் சொன்னேன். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். அந்த வாரத்தில் ஆறு முறை நின்றிருந்தது. ஆறிலும் 'மழை' என்று எழுதியிருந்தார்.

"வெயில்ல எவ்ளோ நேரம் ஓட்டினாலும் நிக்கலம்மா. மழ வந்தாதான் பேஜார்."

சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்தால் சரியாகத்தான் இருந்தது. கண்ணாடியில் வழியும் துளிகள், ஈர ரோட்டில் மின்னும் வெளிச்சம், இத்தனையையும் திரையில் வரைய கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் வேலை செய்யவேண்டும். அந்தக் கார்டை நான்தான் போன வருடம் பெரிதாக மாற்றினேன். ஆனால் சுவர்க் கரண்டை வாங்கி உள்ளே எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அதாவது எஸ்.எம்.பி.எஸ்., பழையதாகவே இருந்தது.

சனிக்கிழமை வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடையை நடத்துகிறவளுக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவாக இருக்கும். போனில் உருது, என்னிடம் தமிழ். இரண்டு எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளை எடுத்து முன்னால் வைத்தாள். கையில் தூக்கிப் பார்த்தேன். ஒன்று நன்றாகக் கனத்தது.

"ரெண்டுலயும் அறுநூறு வாட்னுதான் போட்டிருக்கு. இது மட்டும் ஏன் இவ்ளோ கனம்?"

"அட்டை மேல போட்டிருக்கறத விடுங்கக்கா. ஸ்டிக்கர்ல பன்னெண்டு வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்பியர்னு பாருங்க. உங்க கார்டுக்கு அந்த லைன்லேர்ந்துதான் கரண்ட் போகும்."

லேசான பெட்டியில் முப்பத்து நான்கு. கனமானதில் ஐம்பது. பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தேன். ஒன்று நானூற்றெட்டு வாட், இன்னொன்று முழுசாக அறுநூறு. லேசான பெட்டியின் மீதி வாட்டெல்லாம் என் கார்டு தொடவே முடியாத லைன்களில் இருந்தன. இத்தனை வருடம் கம்ப்யூட்டர் வைத்திருந்தும் அந்த ஸ்டிக்கரை நான் படித்ததே இல்லை.

"வீட்ல இருக்கறதுல எவ்ளோக்கா?"

தெரியவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பிளக்கப் புடுங்கிட்டுத் தொடுப்பா."

"நீ சொல்றதுக்கு முன்னாடியே புடுங்கிட்டேன்." ஸ்குரூ கழலும் சத்தம் கேட்டது. லென்ஸைத் தேடி எடுத்துவருவதும் கேட்டது. "பன்னெண்டு... அதுக்கு நேரா இருபத்தாறு."

முந்நூற்றுப் பன்னிரண்டு வாட். கார்டும் பிராசஸரும் சேர்ந்தாலே அதைத் தொட்டுவிடும்.

"அப்ப அது கெட்டுப்போகலக்கா" என்றாள் கடைக்காரப் பெண். "லோடு ஜாஸ்தியானா அதுவே ஆஃப் ஆயிடும். மத்ததெல்லாம் எரியக் கூடாதில்ல?"

"அப்ப அது செஞ்சது சரிதானே?" என்று போனுக்குள்ளிருந்து அப்பா கேட்டார்.

"சரிதான் அங்கிள்."

அதைத்தான் நான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா கேபினெட்டுக்குள் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "வயரு எட்டுமா பாரும்மா. இங்க பெட்டி அடியில இருக்குது. ஒரு வயரு மட்டும் உள்ள இருக்கற பலகைக்குப் பின்னால பூந்து மேல் மூலை வரிக்கும் போவுது" என்றார்.

நானும் கடைக்காரப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதை யோசிக்கவே இல்லை. அவர் அங்கே அளந்து சொல்ல, அவள் இங்கே இரண்டு பெட்டியையும் பிரித்து வயரை டேப்பில் வைத்துப் பார்த்தாள். லேசான பெட்டியின் வயர் நாலு விரல் குறைந்தது. கனமானதில் மிச்சமே இருந்தது. கனமான பெட்டியுடன் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை ஒவ்வொரு வயரையும் போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றினேன். அப்பா டார்ச் பிடித்தார். எல்லாம் மாட்டி ஆன் செய்ததும், கேட்காமலே மழை பெய்யும் ரோடாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். நான் பின்னால் நின்றேன். வைப்பர் போய்வந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, சரக்கை இறக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

பழைய பெட்டியைத் தூக்கிப் போட அவர் விடவில்லை. "சின்னக் கார்டு வச்சிருக்கறவங்க யாருக்காவது குடு. வேல தெரிஞ்சது அது" என்றார். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் ஒரு தோழி, தன் வீட்டில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறாள். அவளுடைய கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டே கிடையாது. அவளுக்குக் கொடுத்தேன். முதலில் ஸ்டிக்கரைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான்.