ஆளுக்கு ஒரு பெட்டி

1. நூற்றுப் பதினேழு

துறைமுகத்திலிருந்து போன் வந்த நேரத்தில் நான் ஃபால்கன் பறவைகளுக்குக் கண்ணை மறைக்கப் போடும் தோல் தொப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபத்து மூன்று. சின்னது, பெரியது என்று பிரித்து வைப்பதற்குள் மேனேஜர் செல்வராஜ் கேபினுக்குள்ளிருந்து சத்தம் போட்டார்.

"விசு, கன்டெய்னர் வரல வே! பேப்பர்ல ஏதோ குறையாம். ரெண்டு மாசம் ஆகும்ங்கான்."

அமீரகத்தின் அல் ஐனில் வேட்டைச் சாமான்கள் விற்கும் கடை அது. டென்ட், தூண்டில், தண்ணீர் கேன், பறவைக்கான சாமான்கள் எல்லாம் உண்டு. லைசென்ஸ் புத்தகம் காட்டுகிறவர்களுக்குத் தோட்டாவும் விற்போம். இரண்டாயிரங்களில் எட்டு வருஷம் நாலு மாதம் நான் அங்கே ஸ்டோர்கீப்பர். எனக்கு ஊர் திருச்சி. செல்வராஜுக்குப் பாளையங்கோட்டை.

தோட்டாவின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டியில் இருபத்தைந்து. பத்துப் பெட்டி சேர்ந்தால் ஒரு கேஸ். பெட்டியைப் பிரித்துச் சில்லறையாக விற்கக் கூடாது. தினம் காலையும் மாலையும் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் மதியமும் எண்ணுவேன். யாரும் சொல்லவில்லை, எண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கு ரேக்கில் நூற்றுப் பதினேழு கேஸ் இருந்தது. வெயில் தணிந்து சீசன் ஆரம்பிக்கும் சமயம். ஒரு நாளைக்கு நாலு கேஸ் போய்க்கொண்டிருந்தது. அப்படியே போனால் இருபத்தொன்பது நாளில் ரேக் காலி. கன்டெய்னர் வர அறுபது நாள். மீதி முப்பத்தொரு நாள் என்ன செய்வது? ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, நானேதான் செல்வராஜிடம் போய்ச் சொன்னேன்.

"சார், விலையைக் கொஞ்சம் ஏத்திடுவோம். வாங்குறது பாதியா குறையும். இருக்கிற ஸ்டாக் ரெண்டு மாசம் நிக்கும்."

"உம்ம வாயிலயா இது வருது?" என்றார் செல்வராஜ். "நான் கேட்டா நீரு சண்டைக்கு வருவீருன்னுல்லா நெனச்சேன்!"

கடையின் முதலாளியை நாங்கள் அர்பாப் என்போம். எழுபது வயது அரபி. வியாழக்கிழமை மட்டும் வருவார். எனக்கு அவர் வைத்த பெயர் ஹிசாப். கணக்கு என்று அர்த்தம். அவரிடம் போனில் சொன்னோம். "ஹிசாப் கணக்குப் பார்த்திருந்தால் சரிதான்" என்று வைத்துவிட்டார்.

2. மூன்று ஸ்டிக்கர்

பெட்டி இருபத்தைந்து திர்ஹம். அதன் மேல் முப்பத்திரண்டு என்று ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன். ஆயிரத்து நூற்றெழுபது பெட்டி. கட்டைவிரல் வீங்கிவிட்டது.

விற்பனை குறையவில்லை. நாலு கேஸ் போன இடத்தில் ஏழு போனது. ஆறாம் நாள் நாற்பது என்று மேலே இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒன்பதானது. பத்தாம் நாள் முடிவில் முப்பத்தொன்பது கேஸ்தான் மிச்சம். துபாய்க் கடைகளிலும் இதே கதை என்று கேள்விப்பட்டோம். செல்வராஜுக்கு வாயெல்லாம் பல். "இன்னும் ஒரு ஸ்டிக்கர் தாங்கும் வே" என்று ஐம்பத்தைந்து ஆக்கினார்.

நான் இரண்டு முறை ஸ்டோரைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு ரூமுக்குப் போய், வெள்ளிக்கிழமை வழக்கம்போல் ஊருக்குப் போன் போட்டேன். என் கணக்கு எங்கே தப்பியது என்று தெரியவில்லை என்று மனைவியிடம் புலம்பினேன்.

"வெங்காயம் விலை ஏறப்போகுதுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டாள்.

"கம்மியா வாங்குவ."

"கிழிச்சேன். முதல்ல ரெண்டு கிலோ சேர்த்து வாங்கி வச்சிடுவேன். கையில காசு இருக்கிறவ பத்துக் கிலோ வாங்குவா. இல்லாதவதான் வெறும் பையோட திரும்புவா. முப்பது வருஷமா கணக்கு எழுதுறீங்க, இது தெரியலையா?"

தெரியவில்லை. பெரிய வண்டிகளில் வந்தவர்கள் ஆளுக்கு ஆறு கேஸ், பத்துக் கேஸ் என்று ஏற்றிப் போனார்கள். நாங்கள் ஒட்டிய ஒவ்வொரு ஸ்டிக்கரும் "நாளைக்கு இன்னும் ஏறும்" என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறது.

வெறும் கையோடு திரும்பியவர் சாலிம். ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற உள்ளூர்க்காரர். பழைய பிக்கப், ஏழு பிள்ளைகள். மூத்தவள் மரியத்துக்குப் பதினேழு வயது. மெஷின் எறியும் தட்டைப் பறக்கும்போதே சுடும் ஸ்கீட் விளையாட்டு பழகிக்கொண்டிருந்தாள். ஊரில் இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்பில் பெண்கள் டீமுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். அதில் வந்துவிட்டால் அப்புறம் தோட்டா, பயிற்சி எல்லாம் கிளப் செலவு. அதுவரை அப்பா செலவு. ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு, அதாவது ஒரு பெட்டி.

சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் சாலிம் வருவார். விலை கேட்க மாட்டார். ஐம்பது திர்ஹம் நோட்டைக் கவுன்டரில் வைப்பார். நான் இரண்டு பெட்டி எடுத்து வைப்பேன். நெஞ்சில் கை வைத்து "மஷ்கூர்" என்று நன்றி சொல்லிப் போவார். மரியம் கூட வந்தால் என் பக்கத்தில் வந்து நின்று ஆங்கிலத்தில், "அங்கிள், அந்த வரிசையை ஏற்கெனவே எண்ணிட்டீங்க" என்று சிரிப்பாள். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

முதல் ஸ்டிக்கரின்போது ஐம்பதோடு இன்னும் பதினாலு எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது ஸ்டிக்கரில் ஒரு பெட்டி மட்டும் வாங்கிப் பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மூன்றாவது ஸ்டிக்கர் ஒட்டியபின் வந்து ஐம்பதை வைத்தபோது நான் பெட்டியை நகர்த்தாமல் நின்றேன்.

சாலிம் என்னோடு பேசுவது இந்தியில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"ஒண்ணு குடு, ஹிசாப்."

"ஒண்ணு ஐம்பத்தஞ்சு, பாய்."

அவர் பெட்டியைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினார். மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வந்தன. அடியில் இருபத்தைந்து என்று அச்சடித்திருந்தது.

"இது அதே பெட்டிதானே?"

"அதேதான்."

"உள்ளே இருபத்தஞ்சுதானே?"

"இருபத்தஞ்சுதான்."

தலையை ஆட்டினார். விரலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கவுன்டர் கண்ணாடியின் ஓரத்தில் அழுத்தி ஒட்டினார். நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். வெளியே பிக்கப் மூன்றாவது தடவைதான் ஸ்டார்ட் ஆனது. அந்த மூன்று தடவைக்குள் ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். நான் நின்றேன்.

அதன்பின் ஒரு சனி, ஒரு செவ்வாய் போனது. அவர் வரவில்லை.

3. உடையாத தட்டுகள்

புதன்கிழமை காலை கிளப்புக்கு இரண்டு கேஸ் டெலிவரி இருந்தது. ஆறரை மணி. ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை. மைதானத்தில் மெஷின் பார்க்கும் வங்காளி, தட்டு சரியாகப் பறக்கிறதா என்று தினமும் செய்யும் சோதனையைச் செய்துகொண்டிருந்தார். சுடும் இடத்தில் மரியம் நின்றாள். இடது கைக்காரி, துப்பாக்கி இடுப்பளவில். வேலியருகே சாலிமின் பிக்கப்.

அவள் குரல் கொடுத்தாள். ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று மெஷினிலிருந்து கிளம்பியது. துப்பாக்கி தோளுக்கு ஏறித் தட்டோடு சேர்ந்து திரும்பி நின்றது. சத்தமே வரவில்லை. தட்டு முழுசாகப் பறந்துபோய் மணலில் இறங்கியது. பின்னால் நின்ற சாலிம், "பட்டது" என்றார்.

அடுத்த தட்டு. "பட்டது."

அடுத்தது. அவர் கொஞ்சம் யோசித்து, "படல. லேட்" என்றார்.

"பட்டது, பாபா!" என்றாள் அவள்.

"நான் பின்னாடி நிக்கிறேன். எனக்குத் தெரியும். படல."

துப்பாக்கியில் தோட்டா கிடையாது. இருபத்தைந்து தட்டு முடிந்ததும், மெஷின் நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு சாலிம் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு மணலில் இறங்கினார். அடிபடாத தட்டு மணலில் விழுந்தால் அநேகமாக உடைவதில்லை. ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து, போட்டிருந்த நீள அங்கியான கந்தூராவின் நுனியால் மண்ணைத் துடைத்துக் கூடையில் போட்டார். மெஷின்காரருக்குத் திருப்பிக் கொடுக்கத்தான். கொடுத்தால்தானே நாளைக்கும் போடுவார். நானும் வண்டிக்குள்ளிருந்தே எண்ணினேன். இருபத்திரண்டு கிடைத்தது. மூன்று உடைந்திருந்தது. அந்த மூன்றுக்காக அவர் வங்காளியின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. அவர் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று சீட்டில் சரிந்து உட்கார்ந்தேன். என் பின்னால் இரண்டு கேஸ், ஐந்நூறு தோட்டா இருந்தது. டீம் தேர்வுக்கு இன்னும் பதினாறு நாள்.

4. கஹ்வா

மறுநாள் வியாழன். நான் தாளோடு செல்வராஜிடம் போனேன். போன மாதத்தின் முதல் பத்து நாளில் தோட்டா வாங்கியவர்கள் நாற்பத்தாறு பேர். இந்த மாதம் அதே பத்து நாளில் ஒன்பது பேர். விற்றது மட்டும் இரண்டு மடங்கு. விலையை இறக்க வேண்டும் என்றேன்.

"ஏத்தச் சொன்னதும் நீரு, எறக்கச் சொல்லுததும் நீரு. உம்ம வாயில ஒரு ஸ்டிக்கர ஒட்டணும் வே!"

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் நான் மணலில் பார்த்ததைச் சொன்னதும் கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டு, "சரி, வாரும். அர்பாப்கிட்ட ரெண்டு பேரும் போவோம்" என்றார்.

அர்பாப் எங்களுக்குக் கஹ்வா, அதாவது அரபிக் காபி, ஊற்றிக் கொடுத்தார். தாளைப் பார்த்தார்; சாலிமைப் பற்றி நான் சொன்னதையும் கேட்டார். "சாலிம் கடைக்கு வந்து வெறுங்கையோடு போனானா?" என்றார். நான் ஆமாம் என்றேன்.

"விலை ஏற்றச் சொன்னது யார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராஜ், "நாங்க ரெண்டு பேரும்" என்றார். அந்த மனிதரை அதற்கு முன் ஐந்து வருஷம் நான் தப்பாக எண்ணியிருந்தேன்.

அர்பாப் கூஜாவைத் தூக்கிக் காட்டினார். "வீட்டுக்கு நாலு பேர் வந்தாலும் நாற்பது பேர் வந்தாலும் கூஜா இதுதான், ஹிசாப். நாற்பது பேர் வந்தால் கோப்பையில் குறைச்சு ஊத்துவோம். வாசலில் நின்று காசு கேட்போமா?"

மிச்சம் இருந்தது பத்தொன்பது கேஸ். நூற்றுத் தொண்ணூறு பெட்டி. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு பெட்டி, விலை இருபத்தைந்து என்று முடிவானது. தீர்ந்தால் தீரட்டும், கலாஸ், அவ்வளவுதான் என்றார் அர்பாப். நானும் செல்வராஜும் உட்கார்ந்து நூற்றுத் தொண்ணூறு பெட்டியிலும் ஸ்டிக்கர் பிரித்தோம். ஒட்டியதைவிடப் பிரிப்பதுதான் கஷ்டம். நகத்தில் பசை போகவே நாலு நாள் ஆனது.

5. கண்ணாடியில் எழுதியது

லைசென்ஸ் விவரத்தில் இருந்த நம்பருக்கு சாலிமைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு மட்டுமா?" என்றார்.

"எல்லாருக்கும் பாய். ஆளுக்கு ஒண்ணு. கண்ணாடியில எழுதி ஒட்டியிருக்கு."

"நான் வந்து படிச்சுப் பாக்குறேன்."

சனிக்கிழமை வந்தார். உள்ளே வரவில்லை. வெளியே நின்று கண்ணாடியில் இருந்ததை இரண்டு தடவை படித்தார். அப்போது பெரிய வண்டிக்காரர் ஒருவர் உள்ளே பத்துக் கேஸ் கேட்டுக்கொண்டிருந்தார். "மாஃபி, கிடையாது. ஒரு பெட்டிதான்" என்றார் செல்வராஜ். சத்தம் போட்டுப் பார்த்துவிட்டு அவர் ஒரு பெட்டியோடு வெளியே போனார். அவர் கையைப் பார்த்த பிறகுதான் சாலிம் உள்ளே வந்தார். ஐம்பது நோட்டை வைத்தார். ஒரு பெட்டியும் இருபத்தைந்து திர்ஹமும் கொடுத்தேன். நெஞ்சில் கை வைத்தார். நானும் வைத்தேன்.

வெள்ளி விடுமுறை தவிரத் தினமும் வந்தார். பன்னிரண்டு பெட்டி. மரியத்துக்கு இருமல் என்று ஒருநாள் சொன்னார். எனக்கு அன்று முழுக்க அதே கவலை. இருமிக்கொண்டே சுட்டால் தோள் ஆடாதா?

தேர்வு முடிந்த மறுநாள் சனிக்கிழமை அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். முகத்தைப் பார்த்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எத்தனை?" என்றேன்.

"இருபத்தொண்ணு, அங்கிள். நாலு விட்டுட்டேன்." சிரிக்காமல் நின்றாள். அப்புறம் தாங்க முடியாமல் சொல்லிவிட்டாள். "ஆறு பேர் எடுத்தாங்க. நான் ஆறாவது."

செல்வராஜ் கேபினை விட்டு ஓடி வந்து டீ சொன்னார். நான் வழக்கப்படி ஒரு பெட்டியை எடுத்துக் கவுன்டரில் வைத்தேன். சாலிம் அதை என் பக்கமே தள்ளினார்.

"இனி கிளப் குடுக்கும். இன்னிக்கு என்னோட பெட்டியை வேற யாருக்காவது குடு."

ரேக்கில் அதையும் சேர்த்து எட்டுப் பெட்டி இருந்தது. மறுநாள் தீர்ந்துவிட்டது. கன்டெய்னர் சொன்ன தேதியையும் தாண்டித்தான் வந்தது; அதுவரை ஒரு மாதத்துக்கு மேல் ரேக் காலியாகத்தான் கிடந்தது. நான் முதலில் பயந்த முப்பத்தொரு நாளைவிட அதிகம். ஒன்றும் ஆகவில்லை. தோட்டா இல்லை என்று தெரிந்தும் ஆட்கள் வந்தார்கள்; தூண்டிலும் டென்டும் வாங்கினார்கள்; உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

கடை நடத்துகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது சின்ன விஷயம்தான். சரக்கு குறைந்தால் முதலில் விலையைத் தொடாதீர்கள், அளவைத் தொடுங்கள். எத்தனை பெட்டி போனது என்று எழுதும் தாளிலேயே எத்தனை பேர் வந்தார்கள் என்றும் எழுதுங்கள். நான் இரண்டாவதை எழுதாமல் விட்டது பத்து நாள்.

வேலையை விட்டு வரும்போது புது ஸ்டோர்கீப்பருக்குச் சாவி பதினான்கும் எண்ணிக் கொடுத்தேன். அவர் சுத்தக்காரர். துணியை நனைத்துக் கவுன்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பப் போனார். ஐம்பத்தைந்து என்ற எழுத்து அப்போது பாதி மங்கியிருந்தது.

"அதை மட்டும் விட்டுடுங்க தம்பி" என்றேன். "அது என் கணக்கு."