கீழாநெல்லியில் இறங்கிய படிகம்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட செடி கீழாநெல்லி. மஞ்சள் காமாலைக்கு ஊரே அரைத்துக் குடிக்கும் அந்தச் செடிக்குள் என்னென்ன வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பது என் வேலை. செடி பறிக்கக் கூட்டிப் போனவர் என் கணவர். செல்லூரில் விசைத்தறி மெக்கானிக். மழை பெய்து சில நாள் கழித்து பைக்கில் எழுமலைப் பக்கம் போவோம். வரப்பில் குத்தவைத்து, இலைக்கடியில் காய் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துப் பறிப்பார். சாக்கு நிறைந்தால்தான் எழுவார்.

ஆய்வு பாதியில் இருந்தபோது அவர் கண் மஞ்சளானது. காமாலைதான் என்று நினைத்தோம். ஸ்கேனில் கல்லீரலில் கட்டி என்று வந்தது. பரவியும் இருந்தது.

மாமியார் தினமும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அதுவரை எல்லாவற்றிலும் கண்டிப்பாக இருந்தவர், "அவருக்கு என்ன பிடிக்குதோ குடுங்கம்மா" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மத்தியானம் அவர் கேட்டார்.

"அம்புட்டு செடி பறிச்சோமே. லேப்ல நீ பிரிச்சு வச்சிருக்கதுல கொஞ்சம் கொண்டாந்து குடேன்."

"அது மெத்தனால்ல ஊறினதுங்க. உடம்புக்குள்ள போகக் கூடாது."

"சரி விடு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பங்குனியில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து லேபுக்குப் போனேன். சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் செடிச்சாற்றை விட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கியதைத் தனித்தனிக் குடுவைகளில் பிடித்து வைத்தேன். ஒன்றின் அடியில் வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாகப் படிகம் இறங்கியிருந்தது. சோதித்துப் பார்த்தேன். ஒரே பொருள், கலப்பில்லை. ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் பாராட்டிக் கை கொடுத்தார். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து, செடியிலிருந்து ஒரு பொருளைத் தனியாகப் பிரித்துவிட்டதை மாமியாரிடம் சொன்னேன்.

"அப்ப அதுக்குள்ள மருந்து இருக்குதா ஆத்தா?"

"இருக்குன்னுதான் சொல்றாங்க அத்த. கல்லீரலுக்கு நல்லதாம்."

"பெறகு எம்புள்ளைக்கு ஏன் கேக்கல? நான் அரைச்சது பத்தலயா?"

"நீங்க நல்லாத்தான் அரைச்சீங்க. அவருக்கு வந்தது வேற நோவு அத்த. இதுக்குக் கேக்காது."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.